வரிசையில் சேராத முளைப்பாரி

“ஆடி இரண்டாம் செவ்வாய். முளைப்பாரி ஊர்வலம். ஒரு பாரி சேர்க்கப்படவில்லை.” மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய குறிப்பு இது. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தாலும், சமயபுரம் தாண்டியுள்ள என் மனைவியின் ஊர்த் திருவிழாவை ஆண்டுதோறும் பார்த்து எழுதிவைப்பது என் வழக்கம்.

அந்தப் பாரியை வளர்த்தவர் அரிசி ஆலைத் தொழிலாளி ஒருவரின் மனைவி. ஒடிசாக்காரர். தாய்மொழி ஒடியா என்று எத்தனை முறை சொன்னாலும் ஊருக்கு அவர் ‘இந்திக்காரி’தான். மகள் அந்த ஊரிலேயே பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போனவள். “எல்லா அம்மாவும் தூக்குறாங்க, நீ ஏம்மா தூக்கல?” என்று கேட்டிருக்கிறாள். பாரிகளை ஒன்றாக வைத்து வளர்க்கும் வீட்டில் இவருக்கு இடம் தரவில்லை. தன் ஒற்றை அறையின் மூலையைச் சேலையால் மறைத்து, வெயில் படாமல் வளர்த்தார். கோயில் வாசலுக்கு அவர் கொண்டுவந்தபோது முளைகள் வெளிர்மஞ்சளாக, அடர்த்தியாக நின்றன.

“இந்திக்கார விதை நம்ம மண்ணுல மொளைக்குமா?” என்றார் மளிகைக் கடைக்காரர்.

“உங்க கடையில வாங்கின விதைதாண்ணே.”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். கடைக்காரரும் சிரித்தார். இனிச் சிக்கலில்லை என்றே நினைத்தேன்.

விழாக் குழுத் தலைவர் என் மைத்துனர். “தப்பா எடுத்துக்காதம்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார். அவர் தலைக்கு மேலே குழு கட்டிய பேனர்: ‘அனைவரும் வருக.’

“இந்த வருஷம் என்ன மச்சான் கெட்டுப்போச்சு?” என்று கேட்டேன்.

“எனக்கொண்ணும் இல்ல மாமா. ஊர் ஒத்துக்கணும்ல?”

ஊரைக் கேட்டேன். தனக்கு ஆட்சேபமில்லை, மற்றவர்கள்தான் என்றார் ஒவ்வொருவரும். ஆட்சேபித்தவர் யாரென்று இன்றுவரை என்னால் எழுத முடியவில்லை. எரிச்சலாக இருக்கிறது, ஆளே இல்லாத ஒரு மறுப்போடு எப்படிச் சண்டை போடுவது?

அடுத்த ஆண்டும் மைத்துனர் அதே ‘அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’ என்றார். அதற்கடுத்த ஆடிக்குள் அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. இந்த ஆண்டு பேனர் இன்னும் பெரியது. “நம்ம ஊர்ல பாகுபாடே கிடையாதுங்க” என்று மைக்கில் முழங்கினார் மைத்துனர். கூட்டம் கைதட்டியது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக் குறிப்பின் கீழே இன்னும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்பப்பட்ட பாரியை அந்தப் பெண் தன் மகளோடு அவ்வளவு தூரம் நடந்துபோய்க் கொள்ளிடத்தில் விட்டார் என்கிறார் ஒருவர். ஆலைக்குப் பின்னால் ஆடு தின்றது என்கிறார் இன்னொருவர். எது உண்மை என்று உறுதிப்படுத்த முடியவில்லை. அந்தப் பெண்ணிடமே கேட்கலாம் என்றால், அத்தனை ஆண்டுகள் குடியிருந்தவரின் போன் நம்பர் ஊரில் ஒருவரிடமும் இல்லை.