முகூர்த்தத்துக்கு இரண்டு கேமரா

கல்லூரி நாட்களில் நான் பேசி வென்ற விவாதங்களுள் கோப்பை தராதது ஒன்றே ஒன்று. அது நடந்த இடம், மயிலாப்பூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறை. எதிரணியும் நடுவரும் ஒருவரே; அவர் என் அப்பா. விவாதப் பொருள்: அக்காவின் முகூர்த்தத்தைப் படமெடுக்க ஒரு கேமரா போதுமா, இரண்டு வேண்டுமா?

பொருளை முன்மொழிந்தவள் அம்மா. அவளுக்குத் தக்க காரணம் இருந்தது. அவள் கழுத்தில் தாலி ஏறிய கணத்துக்குப் படம் கிடையாது. அன்றைய புகைப்படக்காரர் குனிந்தும் நிமிர்ந்தும், அனைவரையும் சிரிக்கச் சொல்லியும் பாடுபட்டு எடுத்திருக்கிறார். கழுவிப் பார்த்தபோது ஃபிலிமில் ஒன்றுமில்லை. கேமராவுக்குள் ஃபிலிமின் நுனி உருளையில் சரியாக மாட்டாமல் நழுவியிருந்தது. மேலே எத்தனையாவது படம் என்று காட்டும் எண் நகர்ந்துகொண்டிருக்க, உள்ளே ஃபிலிம் நகரவே இல்லை. சில நாள் கழித்து, மறுபடியும் பட்டும் மாலையுமாக இருவரையும் ஸ்டூடியோவில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார்கள். அதில் என் பெற்றோர் பல் மருத்துவரின் அழைப்புக்குக் காத்திருப்பவர்களைப் போலத் தோன்றுவார்கள்.

“மத்தது எது விட்டுப்போனாலும் போகட்டும். தாலி கட்டற படம் ஒண்ணு வேணும். அவளுக்கும் என்னை மாதிரி ஆகப்படாது” என்றாள் அம்மா. அவள் கேட்டது அவ்வளவுதான்.

அப்பாவுக்கு எல்லாக் கல்யாணப் புகைப்படக்காரர்கள் மேலும் ஒரு பொதுக் கோபம் உண்டு. “நாலு பேர் லீவு போட்டுண்டு வராளே, தாலி கட்டறதைப் பார்க்கவா, அவன் முதுகைப் பார்க்கவா? ஒரு முதுகுக்கே தாங்கலை. இதுல இன்னொண்ணா?” என்றார்.

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடி வாதிடுவது எனக்குப் பழக்கமில்லை. “உங்க ஸ்கூட்டர்ல பின்னாடி எதுக்குப்பா இன்னொரு சக்கரம்?”

“ஸ்டெப்னிடி அது. சக்கரம் பஞ்சராகும். தாலி பஞ்சராகுமா? கல்யாணத்துக்கு ரெண்டாவது தாலி ஒண்ணு ஸ்டெப்னியா வாங்கி வைக்கறோமா?”

“சிவ சிவா! நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?” என்று அம்மா ரசக் கரண்டியை ஓங்கினாள்.

“தாலி பஞ்சராகாதுப்பா, ஃபிலிம் பஞ்சராகும்” என்றேன். “சக்கரம் போனா அடையார்ல இறங்கித் தள்ளிண்டு வரலாம். முகூர்த்தம் போனா எந்த ஊர்ல இறங்கி எதைத் தள்ளறது? திரும்பி வராத ஒன்றுக்கே இரண்டு காவல் தேவை. அம்மாவோட கல்யாணத்தைவிடப் பெரிய சாட்சி வேணுமா?”

அப்பா கடைசி உருளைக்கிழங்குத் துண்டை நெடுநேரம் மென்றார். பிறகு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். வீடியோ கூடாது. அதன் விளக்கு அடிக்கும் சூட்டில் அப்பளம் பொரிக்கலாம் என்பது அவருடைய நீண்டநாள் குற்றச்சாட்டு. மாப்பிள்ளை வீட்டாரும் அதில் அவர் கட்சி. வீடியோவை விட்டுக்கொடுத்தால் இரண்டாவது கேமராவுக்கு அவர் குறுக்கே நிற்கமாட்டார். தீர்மானம் நிறைவேறியது.

படமெடுக்க அமர்த்தப்பட்டவர்கள் மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணன், தம்பி. பேச வந்தவர்களிடம் அம்மா தன் நிபந்தனையைச் சொன்னாள்.

“எப்பவும் நான் மாப்ள சைடு நிப்பேன், தம்பி பொண்ணு சைடும்மா. ஆளுக்கு ஒண்ணா எடுத்தா ஆல்பம் சும்மா ஜம்முனு இருக்கும்” என்றார் அண்ணன்.

“அதெல்லாம் வேண்டாம். நீங்க எதை எடுக்கறேளோ, அதையே அவரும் எடுக்கணும்.”

“இன்னாம்மா, ஒரே போட்டோவ ரெண்டு வாட்டியா?” என்று தம்பி வியந்தார். “அதுக்கு நான் எதுக்கு? அண்ணாத்த பக்கத்துல ஒரு கண்ணாடிய நிக்க வச்சிட்லாமே.”

“மூட்றா” என்றார் அண்ணன். “அம்மா சொல்ட்டாங்க, அவ்ளோதான்.”

கல்யாணத்தன்று அவர்கள் அந்தச் சொல்லைக் காப்பாற்றியதுபோல் வேறு எவரும் காப்பாற்றியிருக்க முடியாது. காசி யாத்திரையில் மாப்பிள்ளை குடையோடும் விசிறியோடும் புறப்பட்டபோது இரண்டு மின்னல்கள். மாலை மாற்றலில் இரண்டு மின்னல்கள். ஊஞ்சல் முடிந்ததும் இருவரும் ஒரே தூணடியில் நின்று, ஒரே நேரத்தில் புதிய ஃபிலிம் போட்டுக்கொண்டார்கள். பிறகு கூறைப்புடவையை வாங்கிக்கொண்டு அக்கா மடிசார் கட்டிக்கொள்ள உள்ளே போனாள். அந்த இடைவேளையைச் சும்மா விடுவானேன் என்று எங்கள் பெரியம்மா வகையறா மேடையேறி, மாப்பிள்ளையை நடுவில் நிறுத்தி, வரிசை மாற்றி மாற்றி நின்று படம் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு மின்னல்கள்.

அக்கா திரும்பி வந்தாள். மணையில் சம்மணமிட்டிருந்த அப்பாவின் மடியில், எங்கள் வழக்கப்படி, அவளை உட்காரவைத்தார்கள். தட்டில் திருமாங்கல்யம் சபையைச் சுற்றி வந்தது. வாத்தியார் விரலை உயர்த்தி, “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்றார். தவில் இடித்தது, நாதஸ்வரம் வீறிட்டது, அட்சதை மழையாய்ப் பொழிந்தது. மாப்பிள்ளை குனிந்து முதல் முடிச்சைப் போட்டார்.

மின்னல் வரவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கித் தம்பியைப் பார்த்தார். தம்பியும் கேமராவை இறக்கி அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஃபிலிம் ஒன்றுபோல் தீர்ந்திருந்தது. பெரியம்மா வகையறாவின் கடைசி வரிசை அதைக் குடித்துவிட்டது.

எங்கள் சம்பிரதாயத்தில் முதல் முடிச்சு மட்டுமே மாப்பிள்ளைக்கு உரியது. மற்ற இரண்டையும் நாத்தனார் போடவேண்டும். மாப்பிள்ளையின் தங்கை அக்காவின் பின்னால் வந்து நின்று சரட்டின் நுனியைக் கையில் எடுத்துவிட்டாள். இந்த ஆபத்தை வாத்தியாருக்கு அறிவிப்பது என் கடமை என்று கருதினேன். ஒலிபெருக்கி இல்லாமலே அரங்கின் கடைசி வரிசையை எட்டும் குரல் என்று நடுவர்கள் பாராட்டிய என் குரலை உயர்த்தி, “கொஞ்சம் நிறுத்துங்கோ!” என்றேன். இரண்டடி தூரத்தில் இருந்த வாத்தியார், ஆசி கேட்கிறேன் என்று எண்ணி, என் தலையில் அட்சதை போட்டார்.

அம்மா மேடையின் மறுகோடியிலிருந்து நேராக வந்தாள். நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் திகைத்து நிமிர்ந்தாள். அம்மா மோவாயால் புகைப்படக்காரர்களைச் சுட்டினாள். அவர்கள் மேடை ஓரத்தில் உட்கார்ந்து, கேமராவின் சிறு கைப்பிடியைக் காபிக் கொட்டை அரைப்பதுபோல் சுழற்றி, பழைய ஃபிலிமைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் புரிந்துகொண்டாள், சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். ஒரு சொல்லும் இல்லாமல் ஒரு தீர்மானம் நிறைவேறியதை நான் அன்றுதான் கண்டேன்.

ஆக, கல்யாணம் ஒரு முடிச்சில் நின்றது. மாப்பிள்ளை சரட்டைப் பிடித்தபடி, குனிந்த நிலையிலேயே சிலையானார். கையிலிருந்த அட்சதையை வீசித் தீர்த்துவிட்ட சபை, இனி எதை வீசுவது என்று தெரியாமல் விழித்தது. வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் இருக்கிறது என்று உள்ளங்கையால் அமைதி காட்டினார். தவில்காரர் நிலைமையை ஒரு கண்வீச்சில் அறிந்து, தமக்குக் கிடைத்த அரிய வாய்ப்பை வீணாக்காமல், இடியை இன்னும் ஒரு படி ஏற்றினார்.

அப்பா என்னைக் கண்ணால் அழைத்தார். காதைக் கொடுத்தேன்.

“ஏண்டி, ஸ்டெப்னியும் பஞ்சரா?” என்று கத்தினார்.

“போட்டுண்டிருக்காப்பா! ஒரு நிமிஷம்!”

“எனக்குக் கால் போயே போச்சு! உங்கக்காவைக் கொஞ்சம் எழுந்துக்கச் சொல்லு!”

“எழுந்துக்கப்படாதுப்பா!”

“ரெண்டு மாசமா உங்கம்மா மைசூர்பாகு கிளறிக் கிளறி இவளுக்குப் போட்டாளே, அதெல்லாம் இப்போ என் தொடைமேலதான் இருக்கு!”

அக்கா தலைகுனிந்த மணப்பெண்ணாகவே இருந்தாள். தோள்கள் மட்டும் குலுங்கின. முன்வரிசையில் இருந்த ஒரு மாமி, அழுகிறாள் என்று எண்ணித் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சகோதரர்கள் எழுந்தார்கள். தம்பி தலையசைத்தார். அம்மா பிடியை விட்டாள். நாத்தனார் இரண்டு முடிச்சுகளையும் போட்டாள். இரண்டு மின்னல்கள் வெட்டின.

மேளம் ஓய்ந்ததும் மேடைக்குப் பின்னால் சச்சரவு கேட்டது.

“உன்னாண்ட பாக்கி கீதுன்னு நெனச்சேன்டா.”

“உன்னாண்ட கீதுன்னுதான்ணே நானும் அந்தப் பெரிம்மா குரூப்புக்கு கடைசிய அட்ச்சேன்.”

“ரெண்டு பேரும் ஒரே மாரி அட்ச்சுக்கினு வந்தா ஒரே மாரிதானடா தீரும்? மூளை வேணாம்?”

“உனுக்குந்தான் வேணும். பெரியவன் நீதான?”

இந்த உரையாடல் என்னைத் துன்புறுத்தியது. ஒரே ஒரு கேமரா இருந்திருந்தால் அண்ணன் கேமராவின் பட எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். முகூர்த்தத்துக்கு முன்பே ஃபிலிமை மாற்றியிருப்பார். இன்னொருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையே இருவரையும் கெடுத்தது. இரண்டு காவலர்களும் மற்றவர் விழித்திருப்பார் என்று தூங்கினால், காவல் ஒன்றைவிடக் குறைவு. இதை அப்பா கண்டுபிடித்துவிட்டால் என் தரப்பு என்ன ஆகும்? அவர் அப்போது காலை நீட்டி உதறிக்கொண்டிருந்ததால் கண்டுபிடிக்கவில்லை.

ஃபிலிமைக் கழுவி வரும்வரை அம்மா எதிலும் நிலைகொள்ளவில்லை. அக்காவையும் மாப்பிள்ளையையும் மறுவீட்டுக்கு அழைத்து வந்தபோதுகூட, பாயசத்துக்குச் சர்க்கரை போட்டோமா என்று இருமுறை கேட்டாள். சொன்ன நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு, புடவைக்கடைக் கூட்டத்தைத் தோளால் பிளந்து, ஸ்டூடியோவின் படியேறினாள்.

அண்ணன் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். அது நல்ல அறிகுறியாகத் தெரியவில்லை.

“அம்மா, அந்த அவசரத்துல போட்டேன்ல... என் ஃபிலிம் மாட்டவே இல்லம்மா. அப்டியே வெள்ளையா கீது.”

அம்மா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் தோளில் கைவைத்தேன்.

“இன்னாண்ணே நீ, மொதல்ல நல்லத சொல்லமாட்டியா? அம்மா மூஞ்சியப் பாரு” என்றபடி தம்பி உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் ஓர் உறை. “என்னுது கீதும்மா. சூப்பரா வந்துகீது.”

அம்மா படத்தை வாங்கினாள். சரட்டின் மேல் மாப்பிள்ளையின் விரல்கள். அக்காவின் தாழ்ந்த இமைகள். பின்னால் நாத்தனாரின் குனிந்த தலை. ஓரத்தில், இப்போதுதான் விலகிய அம்மாவின் வளைக்கை. முதல் முடிச்சா, இரண்டாம் முடிச்சா என்று எந்த நீதிமன்றமும் கண்டுபிடிக்க முடியாது. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ரெண்டு கேமரா வேணும்னு சொன்னேனோல்லியோ” என்றாள். வாதிட்டவள் நான் என்பதை அந்த நேரத்தில் நினைவூட்டுவது பண்பாகாது.

அந்தப் படத்தில் எவர் கண்ணையும் முதலில் இழுப்பது அப்பாவின் முகம். பற்களைக் கடித்து, புருவங்களை நெரித்து, இரு கண்களிலும் நீர் தளும்ப அவர் வானத்தை நோக்கிக்கொண்டிருக்கிறார்.

அதைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டியிருந்தோம். முதன்முதலில் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“பொண்ணைப் பிரியற துக்கம் எப்படி முட்டிண்டு வந்திருக்கு பாருங்கோ! இப்படி உருகற தகப்பனாரை நான் பார்த்ததே இல்லை.”

அம்மா வாயைத் திறந்தாள். அப்பா, “சம்பந்தி மாமிக்குக் காபி எங்கே?” என்று அவளை உள்ளே அனுப்பினார். பிறகு நாற்காலியில் காலை வசதியாக நீட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, மிகுந்த அடக்கத்தோடு சொன்னார்:

“என்ன பண்றது மாமி, பெத்த மனசு.”