செல்வத்தின் பழைய போனில் இருந்த நாற்பத்தொரு விநாடி

1. கோட் எங்கே போகிறது

காலையில் நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே செல்வம் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள்தான் எங்கள் கடையில், அந்த வருஷம் வந்த போன்களிலேயே விலை கூடினதை வாங்கிக்கொண்டு போனவர். இரவு தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணே, நீங்க எழுதிக் குடுத்த பாஸ்வேர்டப் போட்டேன். எடுத்துக்கிச்சு. அப்புறம் ஏதோ கோட் அனுப்பியிருக்கேன்னு சொல்லுது. எனக்கு ஒண்ணும் வரல."

வாங்கிப் பார்த்தேன். கோட் போகும் நம்பரை முழுதாகக் காட்டாது, கடைசி இரண்டு எண்களை மட்டும் காட்டும். முப்பத்தாறு என்று இருந்தது. அது செல்வத்தின் நம்பர் இல்லை. எங்கள் கடையின் பழைய நம்பர். அந்த சிம் செத்துப் போய் வெகுநாளாகியிருந்தது.

என்ன நடந்துவிட்டது என்பது அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. செல்வத்துக்குப் புரியவில்லை. "சாயந்தரம் வரலேன்னா திரும்ப அனுப்பச் சொல்லலாமாண்ணே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

2. எங்கள் ஊர் வழக்கம்

என் பெயர் சண்முகம். கடையில் என்னைக் கோ சான் என்பார்கள். பர்மாவின் யாங்கூனில், கியாக்டடா பக்கம் போன் கடை ஒன்றில் முதலில் ரிப்பேர் பெஞ்சிலும் பிறகு கவுண்டரிலும் வேலை பார்த்தேன். முழங்கால் போய்விட்டதால் இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் போகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

எங்கள் ஊரில் சிம் கார்டு ஒரு காலத்தில் பணக்காரன் சமாச்சாரம். திடீரென்று அது மலிந்ததும், வீட்டில் லேண்ட்லைன்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் நேராக டச் போனுக்கு வந்தார்கள். இமெயில் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. இமெயில் அக்கவுண்ட் இல்லாமல் போன் ஓடாது. ஆகவே கடைக்காரர்கள் நாங்களே ஆளுக்கு ஒரு அக்கவுண்ட் திறந்து கொடுத்தோம். வாசலில் ஜனம் நெருக்கியடிக்கும்போது ஒவ்வொருவரையும் பிறந்த தேதி கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? எல்லோருக்கும் ஜனவரி ஒன்று. பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒன்றே, அதைப் போன் பெட்டியின் அடியில் எழுதிவிடுவோம். மறந்தால் மீட்கிற நம்பர் என்ற இடத்தில் கடை நம்பர். செல்வத்தின் அக்கவுண்டும் நான் அப்படித் திறந்ததுதான்.

யாரும் குறை சொன்னதில்லை. முதலாளி ஊ மியிண்ட் இதைச் சேவை என்றே போர்டில் எழுதி வைத்திருந்தார். பிறகு வேறு கம்பெனி சிம் மலிவு என்று அவர் மாறினார். பழைய சிம்முக்குப் பணம் போடாமல் விட்டதில் அது காலாவதியாகிவிட்டது. அந்த நம்பரில் எத்தனை பேருடைய சாவி தொங்குகிறது என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அவராவது கல்லாவில் உட்கார்ந்திருப்பவர். நான் தொழில் தெரிந்தவன்.

3. மெசேஜ்

செல்வம் மீசெட் மெக்கானிக். ஜெனரேட்டரை இங்கே மீசெட் என்போம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அவருக்கு வேலைக்குக் குறைவே இல்லை. வீடு தாமுவேயில். எங்கள் கடை வாசலில் ஓடுகிற மீசெட்டும் அவர் பார்ப்பதுதான். அப்படித்தான் பழக்கம்.

அவர் சம்சாரம் வள்ளி காய்ச்சலில் ஒரு சின்ன கிளினிக்கில் படுத்திருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னதால் செல்வம் மாவ்பிக்கு ஒரு அரிசி மில் மீசெட்டைப் பார்க்கப் போயிருந்தார். ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் பாக்கெட்டில் போன் அடித்தது கேட்கவில்லை. எடுக்காததால் அந்த அம்மா வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறது. நாற்பத்தொரு விநாடி. செல்வம் அதைப் பார்த்துவிட்டு பஸ் பிடித்து ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்த மெசேஜில் முதலில் "என்னாங்க" என்பது கேட்கும். கடைசியில் "மறந்துராதீங்க" என்பது கேட்கும். நடுவில் உள்ளது எல்லாம் கிளினிக் ஜன்னலுக்குக் கீழே ஓடின மீசெட்டின் சத்தம். அது செல்வமே வைத்துக் கொடுத்த மீசெட்.

"சைலன்சர் போயிருக்கு, மாத்தணும்னு கிளினிக்காரங்ககிட்ட சொல்லிட்டே இருந்தேண்ணே. நானே காசு போட்டு மாத்தியிருக்கணும்" என்று என்னிடம் ஒரு தரம் சொன்னார்.

எதை மறக்கக்கூடாது என்று அந்த அம்மா சொன்னது, அதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். அதைத் தெரிந்துகொள்ள வழி உண்டா என்று கேட்டு, ஒருநாள் கடையின் பின்கட்டில் வைத்து எனக்குப் போட்டுக் காட்டினார். சத்தத்தைக் கூட்டி, குறைத்து, இயர்போனில் எல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிரியவில்லை. "இந்த போன்ல ஆகாது, தம்பி. புதுசு வரும்போது பார்ப்போம்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் ஒவ்வொரு வருஷமும் வந்தார். புது மாடல் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினால் போதும், கையில் கிரீஸோடு வந்து நிற்பார்.

"இந்த வருஷம் என்னண்ணே விடறான்?"

"கேமராவ இன்னும் பெருசாக்கிருக்கான்."

"சத்தத்தப் பிரிக்குமா?"

"இல்ல. அடுத்ததுல வரலாம்."

அடுத்த வருஷம் மடக்குகிற போன். அதற்கு அடுத்தது டவர் இல்லாத இடத்தில் சேட்டிலைட் வழியாக உதவி கேட்கும் என்றார்கள். எங்கள் ஊரில் டவர் இருக்கிற இடத்திலேயே நெட் கிடைப்பதில்லை. விலையோ எங்கள் கியாட் பணத்தின் மதிப்பு விழ விழ ஏறிக்கொண்டே போயிற்று. வாங்க வருகிறவர்களிடம் இதையெல்லாம் பெரிதாகச் சொல்லித்தான் விற்றேன், அதுதான் எனக்குச் சம்பளம். செல்வத்திடம் மட்டும் வேண்டாம் என்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

4. வேண்டும் என்று சொன்ன வருஷம்

கடைசியில் அது வந்தது. பழைய ரெக்கார்டிங்காக இருந்தாலும் பேச்சு தனி, இரைச்சல் தனி என்று பிரித்துக் கொடுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தான். டிஸ்ப்ளே போன் வந்த அன்றே வாசலில் மீசெட்டுக்குப் பக்கத்தில் நின்று நானே பேசிப் பதிவு செய்தேன். திரையில் இரைச்சலைக் குறைக்கிற கோட்டை விரலால் தள்ளினேன். மீசெட் சத்தம் அடங்கி என் குரல் மட்டும் நின்றது. இந்தத் தொழிலில் எனக்கு உண்மையாகவே ஆச்சரியம் தந்த அம்சம் அது ஒன்றுதான்.

செல்வத்துக்கு நான்தான் போன் பண்ணினேன். வந்தார். அதே பதிவைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் கேட்டார். பிறகு போனை மெதுவாக வைத்துவிட்டு, "குடுங்கண்ணே" என்றார். விலையைக் கேட்கவில்லை. நான் சொன்னேன். ஒரு வருஷ உழைப்பு போய்விடும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

"யோசிச்சாச்சுண்ணே. நாலு வருஷமா அதத்தான யோசிக்கிறேன்."

அன்று கடை நிறைய ஆள். "உங்க மெசேஜ இதுலயே போட்டுப் பார்த்துருவோமா?" என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினார். "இங்க வேணாம். வீட்டுக்குப் போயித் தனியாக் கேக்கறேன்." அது நியாயம்தான். பின்கட்டுக்கு வாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள்.

பழைய போனைக் கொடுத்தால் விலையில் தள்ளுபடி. கொடுக்கிற போனைக் கஸ்டமர் கண்ணெதிரே அழித்துக் காட்டுவது எங்கள் கடை முறை. தன் படங்களும் பேச்சும் யார் கையிலாவது போய்விடுமோ என்று இங்கே எல்லோருக்கும் பயம் உண்டு, அதனால் அழித்துக் காட்டினால்தான் கொடுப்பார்கள். செல்வத்தின் போனில் இருந்த எல்லாவற்றையும் அவர் அக்கவுண்டுக்கு ஏற்றினேன். முடிந்தது என்று பச்சை டிக் வந்தது. அதைப் புது போனில் இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் பழையதை அழிக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆனால் அன்று நெட் ஊர்ந்தது. இறக்க மூன்று மணி நேரமாவது ஆகும் போலிருந்தது. அதற்குள் கரண்டும் போய்விட்டது.

"கோ சான், எவ்வளவு நேரம் ஒரே ஆளோட? வரிசை தெருவரைக்கும் போகுது" என்று முதலாளி கல்லாவிலிருந்து பர்மிய மொழியில் கத்தினார்.

"ஏறிடுச்சு தம்பி. வீட்டுல பாஸ்வேர்டப் போட்டா தானா எறங்கிடும்" என்று சொல்லி, அவர் கொண்டுவந்திருந்த பழைய பெட்டியின் அடியிலிருந்த பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க, பழைய போனில் அழி என்பதை அமுக்கினேன். உறுதியா என்று கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன்.

5. அதற்குப் பிறகு

செத்துப்போன நம்பருக்குப் போன் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. சிம் கம்பெனி ஆபீசுக்குச் செல்வத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். காலாவதியான நம்பரைத் திருப்பித் தர முடியாது என்று கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னது. அந்தப் பெண் மேல் தப்பில்லை.

அக்கவுண்டை மீட்க ஒரு படிவம் இருக்கிறது. எப்போது திறந்தது, என்ன பிறந்த தேதி, முன்னால் என்ன பாஸ்வேர்டு என்றெல்லாம் கேட்கும். ஜனவரி ஒன்று என்று நிரப்பினேன். நீங்கள்தான் உரிமையாளர் என்று உறுதிப்படுத்த முடியவில்லை என்று பதில் வந்தது. உண்மையைச் சொல்லப்போனால் அது சரியான பதில்தான். அந்த அக்கவுண்டில் செல்வத்தைப் பற்றி உண்மையான தகவல் ஒன்றுகூட நான் எழுதி வைக்கவில்லை. மூன்று முறை முயன்றதும் பூட்டிக்கொண்டது.

பழைய போனைப் பிரித்துப் போட்டு இரண்டு நாள் முயன்றேன். எனக்குத் தெரிந்த பெரிய மெக்கானிக்குகளிடமும் கொண்டுபோனேன். இந்தக் காலத்துப் போனில் அழித்தால் அழித்ததுதான். அந்த நாற்பத்தொரு விநாடி இன்னும் எங்கேயோ ஒரு கம்பெனிக் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. அதுதான் எனக்கு அதிக வேதனை. தொலைந்தே போயிருந்தால்கூட மனசு ஆறும்.

செல்வத்திடம் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். புது போனை மேசைமேல் வைத்துவிட்டு, "இத என்னண்ணே பண்ணறது?" என்று மட்டும் கேட்டார். திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். முதலாளியோடு சண்டை போட்டுக்கூடப் பணத்தை வாங்கிக் கொடுத்திருப்பேன். வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் பழைய போனைக் கஸ்டமரிடமே ஒரு வாரம் விட்டுவைக்கிறேன். எல்லாம் வந்துசேர்ந்தது என்று அவர் வந்து சொன்ன பிறகுதான் எக்ஸ்சேஞ்ச். வியாபாரம் கெடுகிறது என்று முதலாளி முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

6. செல்வம் கேட்டது

ஆறு மாதம் அவர் கடைப்பக்கம் வரவில்லை. எங்கள் மீசெட்டுக்கு வேறு ஆளை அனுப்பினார். பிறகு ஒரு பகல்வேளை, கடையில் ஆள் இல்லாத நேரம், வந்து உட்கார்ந்தார். லபெயெ வரவழைத்தேன். அந்த டீயைக் குடிக்காமல் கிளாசைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாடலைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அதில் ஒன்றுமில்லை தம்பி, இனி எதிலும் ஒன்றுமில்லை என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அண்ணே, உங்களுக்கு ஒரு தடவ பின்னால வச்சுப் போட்டுக் காமிச்சேன்ல?"

"ஆமா."

"கடைசில 'மறந்துராதீங்க'ன்னு சொல்லுமே, அத எப்படிச் சொல்லுச்சு? கோவமாவா, சும்மா சாதாரணமாவா? நானே தெனம் கேட்டதுதான். இப்போ நெனச்சா ஒரு நாள் கோவமாக் கேக்குது, ஒரு நாள் அழற மாதிரி கேக்குது. என்னையத் தவிர கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

நான் யோசித்தேன். அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அந்த போனின் ஸ்பீக்கர் வலைக்குள் கிரீஸ் அடைத்திருந்தது நினைவிருக்கிறது. மைக் எந்த ரகம், எந்த மாடலுக்கு மாற்றினால் இது பிரியும் என்று கணக்குப் போட்டது நினைவிருக்கிறது. அந்த அம்மாவின் குரல் எனக்கு நினைவில் இல்லை. நான் அதைக் கேட்கவே இல்லை.

"சாதாரணமாத்தான் சொல்லுச்சு, தம்பி" என்றேன். "கோவம் இல்ல."

அவர் தலையாட்டினார். ஆறிப்போன டீயைக் குடித்தார். "அப்படியா? சரிண்ணே" என்று சொல்லி எழுந்து போனார். நான் சொன்னதை நம்பித்தான் போனார்.

விலைகூடின போனுக்கு மாறலாமா என்று உங்களிடம் வருவார்கள். அந்த போன் என்னென்ன செய்யும் என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், விளம்பரத்திலேயே இருக்கிறது. வந்தவர் தன் பழைய போனில் எதையாவது போட்டுக் காட்டினால், கையிலுள்ள வேலையை வைத்துவிட்டு, அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டுவிட்டேன்.