மல்லிகைக்கு மாட்டிய வடிகட்டி

யோகராணியின் இரண்டு மல்லிகைச் செடிகள், நியூசிலாந்தில் ஓக்லாந்தின் புறநகரான ரானுயியின் மழையிலும் குளிரிலும் வேர் அழுகிச் செத்துப்போயின. மூன்றாவதைச் சாகவிடுவதில்லை என்று 2014ஆம் ஆண்டு குளிர்காலம் தொடங்குமுன் தன் அறைக்குள்ளேயே ஒரு கூடாரம் நிறுத்தினாள். ஓர் அலமாரி அளவு, வெளியே கறுப்புத் துணி, உள்ளே வெள்ளித்தாள் மினுக்கம், மேலே ஒரு விளக்கு. வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்களுக்கென்றே விற்கிற சாமான்.

அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஹென்டர்சனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. தம்பி ஜெயரட்ணத்தின் வீட்டில், பின்னறையில் இருந்தாள். கணவன் மகேசன் 1996இல் ஒரு காலை சைக்கிளில் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போனவன் திரும்பவில்லை. ஏழு வருடம் பொறுத்த சொந்தக்காரர்கள் ஒருநாள் கூடியிருந்து இவள் விதவை என்று முடிவு செய்தார்கள். அன்றோடு பொட்டு போயிற்று, பூவும் போயிற்று. சாட்சி இல்லை, சடலம் இல்லை, தீர்ப்பு மட்டும் இருந்தது. அந்தத் தீர்ப்பு அவளோடு விமானமேறி ஓக்லாந்துக்கும் வந்தது. அதற்கு விசா கேட்பார் யாருமில்லை.

ஜூனில், வெளியே குளிர்காலமாயிருக்க, செடி பூத்தது. கூடாரத்தின் துவாரங்களால் கசிந்த மணம் அறையை நிறைத்தது. இரண்டாம் நாள் விடியற்காலை, தூக்கம் முழுதாய்க் கலையுமுன், அவள் கை கட்டிலின் மற்றப் பக்கத்தைத் தடவிப் பார்த்தது. அங்கே சுவர்தான் இருந்தது. ஆனால் தடவிய அந்தக் கணத்தில் மகேசன் அங்கே இருந்தான். அதற்காகவே தினமும் அந்த மணத்தோடு படுத்தாள்.

மணம் அறையோடு நிற்கவில்லை.

“மச்சாள், உங்கட அறைக்குள்ளை என்ன மணக்குது?” என்று தம்பி மனைவி பத்மாவதி வாசலில் நின்று கேட்டாள்.

“மல்லிகை.”

“அது தெரியுது. வெள்ளிக்கிழமையிலை பஜனைக்குச் சனம் வந்து போற வீடு. புருசன் இல்லாத பொம்பிளையின்ரை அறை இப்பிடி மணந்தால் என்ன கதைக்குங்கள்? எனக்கொண்டும் இல்லை. சனத்துக்குச் சொல்லுறன்.”

சனத்துக்குச் சொல்கிறவர்கள் எப்போதும் தமக்கு ஒன்றும் இல்லை என்றுதான் தொடங்குவார்கள்.

ஜெயரட்ணம் யாரையும் நோகடிக்க விரும்பாதவன். வெஸ்ட்கேட்டில் எழும்புகிற புது வீடுகளுக்கு, அறையைச் சூடாக்கும் ஹீட்பம்ப் பூட்டுவது அவன் தொழில். காற்றைப் பற்றி அவனுக்குத் தெரியும். அக்காளை ஏற்றிக்கொண்டு ஹென்டர்சனில் ஒரு கடைக்குப் போனான். மணத்தை உறிஞ்சும் கரி அடைத்த உருளை வேண்டும் என்று கேட்டான். அப்படியான வடிகட்டியை யார், எதற்கு வாங்குகிறார்கள் என்பது அந்த வட்டாரத்துக்கே தெரியும்.

“என்ன வளர்க்கிறீர்கள்?” என்றான் தாடிக்காரக் கடைக்காரன்.

“மல்லிகை” என்றாள் யோகராணி.

“எல்லாரும் தக்காளி என்பார்கள். மல்லிகை இதுதான் முதல் தடவை” என்று கண்ணடித்தான்.

காரில் ஏறியதும் ஜெயரட்ணம், “கஞ்சாக்காரர் எண்டு நினைச்சிட்டான், அக்கா” என்றான்.

“அவங்களுக்காவது ஒளிக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு” என்றாள் அவள்.

அந்தச் சனிக்கிழமை அவன் எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்தான். சூடான காற்று மேலே எழும் என்பதால் வடிகட்டியைக் கூடாரத்தின் உச்சியில் தொங்கவிட்டான். அதோடு விசிறி, விசிறியிலிருந்து வளையும் குழாய், குழாயின் வாய் யன்னலுக்கு வெளியே. பொருத்துகளில் வெள்ளி நாடா. கீழே காற்று நுழையும் துவாரத்தைப் பாதி மூடினான். விசிறி சுழன்றதும் கூடாரத்தின் நான்கு பக்கமும் பட்டினி வயிறு போல உள்ளே ஒட்டின.

“உள்ளுக்கு வாற வழி சின்னனாய் இருக்கவேணும். அப்பதான் மணம் வெளியிலை ஒழுகாது” என்று விளக்கினான். சாமித்தட்டிலிருந்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தித் துவாரத்தருகே பிடித்தான். புகை முழுவதும் உள்ளே போனது. பத்மாவதி தையல் விளிம்பில் மூக்கை வைத்துப் பார்த்து, “ஒண்டும் இல்லை. கெட்டிக்காரன்” என்றாள்.

யோகராணிக்கும் மணக்க ஒன்றும் இல்லை. கூடார வாயின் ஜிப்பைத் திறந்தாலும் காற்று உள்ளேதான் ஓடியது. வேலையால் வந்ததும் குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே கூடாரத்துக்குள் தலையை விட்டு, முழங்காலில் நிற்பாள். கழுத்து வலிக்கும்வரை நிற்பாள். படுக்கையில் சலவைத்தூள் மணந்தது. காலையில் கை எங்கும் போகவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பத்மாவதி அந்த அறைக்குள் வந்து, பூப் பறித்துக்கொண்டு போவாள். விதவை வளர்த்த பூ சாமிக்கு ஆகும், பஜனைக்கு வருகிற பெண்களின் கூந்தலுக்கும் ஆகும், வளர்த்தவளின் கூந்தலுக்கு மட்டும் ஆகாது. கல்லுக்கு மூக்கு உண்டு என்று நம்புகிறவர்களுக்கு, ஒரு பெண்ணுக்கும் மூக்கு உண்டென்று தோன்றவில்லை.

ஆகஸ்டில் ஒரு வெள்ளி மாலை. பஜனை முடிந்து, குங்குமமும் பூவும் வைத்த தட்டு பெண்கள் வரிசையில் நகர்ந்தது. யோகராணியிடம் வந்தபோது ஒரு கை அதை உயர்த்தி, அவள் தலைக்கு மேலால் அடுத்தவளிடம் கொடுத்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பழக்கத்துக்கு எண்ணம் தேவையில்லை.

அவள் எழுந்து அறைக்குப் போனாள். விசிறியை நிறுத்தினாள். கூடாரத்தின் ஜிப்பை மேலிருந்து கீழ்வரை இழுத்து, துணியை இரு பக்கமும் மடித்துக் கட்டினாள். மிச்சமிருந்த பூக்களைப் பறித்து, தையல் நூலால் கட்டிச் சூடிக்கொண்டாள். அறைக்கதவை அகலத் திறந்து வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஜெயரட்ணம் வந்தான். “விசிறி நிண்டு போச்சோ, அக்கா?”

“நிக்கேல்லை. நான்தான் நிப்பாட்டினன்.”

அவன் அவள் தலையைக் கண்டான். “சனம் இருக்குது…”

“உன்ரை அத்தான் செத்துப்போனார் எண்டு ஆர் உனக்குச் சொன்னது? நீ கண்டனியே?”

அவன் கை விசிறியின் சுவிட்சை நோக்கிப் போனது.

“இருக்கிறார் எண்டால் அவருக்காக வைக்கிறன். இல்லையெண்டால் எனக்காக வைக்கிறன். ரெண்டிலை ஒண்டு சரியாய்த்தானே இருக்கும்?”

சுவிட்சை நோக்கிப் போன அவன் கை பாதியில் நின்றது. திரும்பிக் கூடத்துக்குப் போனான்.

“என்னப்பா, அது பழுதாப் போச்சே? இப்பிடி மணக்குது” என்ற பத்மாவதியின் குரல் கேட்டது.

“பழுதில்லை. அக்கா தலையிலை பூ வைச்சிருக்கிறா. அந்த மணம்தான்” என்றான் ஜெயரட்ணம், எல்லாருக்கும் கேட்க.

அறைக்குள் யோகராணி இருட்டிய யன்னல் கண்ணாடியின் முன் நின்றாள். வடிவாய் இருக்கிறதா என்று கேட்க ஆளில்லாததால், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பித் தானே பார்த்துக்கொண்டாள்.