மூடும் குறி இல்லாத பெட்டி

வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் ஆட்களை அனுப்புவது எங்கள் அலுவலகத்தின் வேலை. அங்கே சக்கர நாற்காலிகளுக்கு நடுவே ஒரு சிறிய மேஜை கிடந்தது. அதில் உட்கார்ந்து வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டவளை நாங்கள் கம்ப்யூட்டரக்கா என்போம். கணவன் வேலை இழந்த பிறகு வீடியோ பார்த்தே தொழில் கற்றவள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது.

"வெப்சைட்டுக்கு வர்றவன் வந்தோம் போனோம்னு போயிடறான். வாசல்லயே கையைப் புடிச்சு இழுக்கணும்" என்றார் முதலாளி.

"ரொம்ப இழுத்தா சட்டை கிழிஞ்சிடும் சார்" என்றாள்.

ஆனாலும் பிளகின் என்ற துணை மென்பொருள் ஒன்றைப் போட்டு பாப்-அப் வைத்தாள். பக்கத்தைத் திறந்ததும் பெட்டி ஒன்று எழும்பிப் பெயர், எண், தேவை எல்லாம் கேட்கும். வேலை செய்யும்போது அது நச்சரித்ததால், லாகின் செய்து உள்ளே வேலை பார்ப்பவர்களுக்குக் காட்ட வேண்டாம் என்று டிக் செய்துவிட்டாள். அதன்பின் அவள் கண்ணில் அது படவே இல்லை. சிறிய போன்களில் மூடும் குறி திரைக்கு வெளியே போய்விட்டதும் அவளுக்குத் தெரியாது.

ஒரு மதியம், இரண்டு தெரு தள்ளியிருந்த ஓர் அம்மா செருப்பில்லாமல் ஓடிவந்தார். கணவருக்கு மூச்சுவிடத் தொண்டையில் குழாய். சளி உறிஞ்சும் மெஷின் நின்றுவிட்டது. எங்கள் எண் இருந்தது, அவரைக் கவனிக்க நாங்கள் அனுப்பிய பணிப்பெண்ணின் போனில். அன்று அவள் விடுப்பு.

"நம்பரைத் தேடினா ஒரு பெட்டி வந்து மறைக்குது. மூடவே மாட்டேங்குது. பேரு கேட்டுச்சு, போட்டேன். என்ன வேணும்னு கேட்டுச்சு, அதையும் போட்டேன். விரைவில் தொடர்பு கொள்வோம்னு சொல்லுது. மூச்சு முட்டுறவர்கிட்ட இதைச் சொல்ல முடியுமா?"

அலுவலகத்தில் இருந்த நர்ஸ் நான்தான்; சளி உறிஞ்சும் கைப்பம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் முகம் நீலம் பாய்ந்திருந்தது. சளியை எடுத்து, ஆம்புலன்ஸில் ஏற்றினேன். உயிர் இருந்தது. நினைவு வரவில்லை.

கம்ப்யூட்டரக்கா பாப்-அப்பை நிறுத்தி வைத்தாள். மாலையில் முதலாளி, "சின்னதாக்கி நாளைக்குப் போட்டுடு. அதுலதான் ஆள் வருது" என்றார். அவள் தலையாட்டினாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தாள். "அங்க போய் அழாதே. அழுதா அவங்கதான் உன்னைத் தேத்தணும்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன்.

அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "அதை எடுத்தாச்சாம்மா?"

"நிறுத்தி வச்சிருக்கேன்மா. இன்னைக்குத் திரும்பப் போடச் சொல்றாங்க."

அவர் திட்டவில்லை. தன் போனை நீட்டினார். "அப்போ உங்க ஆபீஸ் நம்பரை இதுல போட்டுக் குடுங்க."

எண்ணைப் பதிந்து கொடுத்த கையோடு கம்ப்யூட்டரக்கா, வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தன் போனிலிருந்தே பிளகினை அடியோடு நீக்கினாள். முகப்பில் எங்கள் எண்ணைப் பெரிதாகப் போட்டாள். சற்று நேரத்தில் முதலாளியின் அழைப்பு வந்தது. எடுக்கவில்லை.

"சிஸ்டர், வேலை போயிடுமா?"

"போகலாம்" என்றேன்.

போன் மறுபடி அடித்தது. எழுந்து நின்று எடுத்தாள். "சொல்லுங்க சார். அந்தப் பெட்டியை நான்தான் எடுத்தேன்."