இந்துவுக்குக் கிடைத்த மூன்று நாள்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. காலை ஆறே முக்காலுக்குச் சாந்தம்மாள் இறந்துபோனார். மகள் இந்து அப்போது ஜெர்மனியில் தூங்கிக்கொண்டிருந்தாள். விடிந்ததும் ஓர் எக்ஸ்ரே ஆய்வுக்கூடத்தில் அவளுக்கென்று ஒதுக்கிய மூன்று நாள் தொடங்கவிருந்தது.

அந்த மூன்று நாளின் அருமை அவள் அப்பா கருத்தப்பாண்டிக்குத் தெரியும். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியில் இருபத்தொன்பது வருடம் பாய்லர் பார்த்தவர். மகளின் படிப்பு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாருக்கும் விளங்கவில்லை. அவருக்கு மட்டும் விளங்கியது. பூமிக்கு அடியில் பல நூறு கிலோமீட்டர் ஆழத்தில் வைரம் உருவாகிறபோது துளி நீர் அதற்குள் மாட்டிக்கொள்ளும். வைரம் மேலே வந்துவிடும், ஆனால் இளகிக்கொடுக்காது. உள்ளே அழுத்தம், நாம் மூச்சுவிடும் காற்றைப் போல இருபதாயிரம் மடங்குக்கும் மேல். அந்த நெருக்கலில் நீர் குளிரே இல்லாமல் பனிக்கட்டியாக இறுகிக் கிடக்கும். இயற்கையில் இப்படி ஒரு கனிமம் உண்டு என்பதே 2018-இல்தான் உறுதியானது. வெளியே எடுத்துப் பார்க்க வழியில்லை. வைரத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அழுத்தம் போய்விடும், பனிக்கட்டியும் போய்விடும். எக்ஸ்ரே கதிரைச் செலுத்தித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

“பிரஷர் எறங்குனா எல்லாம் போச்சு. அம்புட்டுத்தான?” என்று கேட்டவரை, “நீங்களே வந்து பரீட்சை எழுதிருங்கப்பா” என்று இந்து கேலி செய்திருக்கிறாள்.

சாந்தம்மாளுக்கு அழுத்தமெல்லாம் வேண்டாம். “எம்மக வைரத்துக்குள்ள ஐஸ்கட்டி தேடுறா” என்று கொழுந்து கிள்ளும் மலையெல்லாம் சொல்லிவைத்திருந்தார். “ஐஸ அவளே வச்சுக்கிறட்டும். வைரத்த எங்களுக்கு அனுப்பச் சொல்லு” என்பாள் பக்கத்து வீட்டுக் கற்பகம்.

போன வருடமே இந்துவுக்கு இந்த வாய்ப்பு வந்தது. அந்த வாரம் சாந்தம்மாளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அடுத்த முறை கிடைக்கப் பதினாலு மாதம் ஆயிற்று. அதனால்தான், ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் ஏறியபோது சாந்தம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். “அவ வேல முடியிற வரைக்கும் ஒண்ணும் சொல்லிறாதீக.”

செவ்வாய் காலை அதையே சொன்னார் கருத்தப்பாண்டி. ஜீப் ஓட்டும் தங்கை மகன் சதீஷ் கேட்கவில்லை.

“மாமா, இப்பச் சொன்னா நாளைக்குச் சாயந்தரம் கொச்சியில எறங்கிருவா. நான் டவுன்ல போயி ஃப்ரீசர் பெட்டி எடுத்தாறேன். மொகத்தையாவது பாக்கட்டும்.”

“ஒங்கத்த சொல்லிட்டுத்தாண்டா போனா.”

“அத்த காய்ச்சலுக்குச் சொன்னாங்க. சாவுக்கா சொன்னாங்க?”

“ரெண்டாந்தடவையும் நம்மனால அவ வாய்ப்புப் போகவேண்டாம்” என்றார் கருத்தப்பாண்டி.

சதீஷ் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனான். போனவன் வீடுவீடாக ஏறி இறங்கினான். யாரும் அஞ்சலி ஸ்டேட்டஸ் வைக்க வேண்டாம், குரூப்பில் படம் போட வேண்டாம். பல் விளக்குவதைக்கூட ஸ்டேட்டஸ் வைக்கிற லயம் அது. நாற்பது வீட்டிலும் ஒருவர்கூட வைக்கவில்லை. புதன்கிழமை பதினொரு மணிக்கு அடக்கம் முடிந்தது.

மூன்றரைக்கு இந்து கூப்பிட்டாள்.

“அப்பா, கெடச்சிருச்சு. மூணாவது கல்லுலயே.”

“கீறல் ஒண்ணும் இல்லையேத்தா?”

“இல்லப்பா. ஏன் கொரல் ஒரு மாதிரி இருக்கு?”

“சளி.”

“அம்மாகிட்ட குடுங்க.”

வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். கற்பகம் சேலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“மலைக்குப் போயிருக்காத்தா. இன்னும் எறங்கல.”

“சரி, நீங்க சொல்லிறாதீங்க. நான்தான் சொல்லுவேன்.”

அன்று மாலையும் மறுநாளும் அவர் போனை எடுக்கவில்லை. இங்கே டவர் இல்லையென்று சதீஷ் செய்தி அனுப்பினான். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு மூன்று நாள் முடிந்தது. ஒரு மணிக்கு அவரே கூப்பிட்டுச் சொன்னார்.



“எப்ப?”

“செவ்வாக்கெழம காலையில.”

“நான் பேசுனப்ப?”

“அடக்கம் பண்ணிட்டு வந்து ஒக்காந்திருந்தோம்.”

“அம்மா சொல்லித்தான் மறைச்சீங்களா?”

ஆமாம் என்றிருக்கலாம். பாதி உண்மையும்கூட. சதீஷ் எதிரில் நின்றுகொண்டிருந்தான்.

“இல்லத்தா. அவ காய்ச்சல மட்டுந்தான் மறைக்கச் சொன்னா. இது நானாப் பண்ணுனது.”

“கோடிக்கணக்கான வருசமா இருந்த கல்லுப்பா அது,” என்றாள் இந்து. “அதுபாட்டுக்கு இருந்திருக்கும்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போனைச் சதீஷிடம் கொடுக்கச் சொன்னாள் இந்து.

ஞாயிறு மதியம் இந்து கொச்சியில் வந்து இறங்கினாள். அப்பா வர வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்ததால் சதீஷ் மட்டும் ஜீப் எடுத்துக்கொண்டு போனான்.