கரியருக்கு ஏற்ற ஸ்பிரிங்

புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கிற ஆறு வீடுகளின் திறப்புகள் தயாபரன் அண்ணையின் இடுப்பில் தொங்குகின்றன. சொந்தக்காரர் எல்லாரும் வெளிநாட்டில். கிழமைக்கு இரண்டு தரம் கதவு, அலுமாரி எல்லாம் திறந்து, காற்றோட விட்டு, வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவது இவருடைய வேலை. கனடாக்காரர் ஒருவர் விட்டுப்போன மவுண்டன் சைக்கிளில்தான் சுற்றுவார். சீற்றுக்குக் கீழே பருத்த ஸ்பிரிங் வைத்த சைக்கிள். அதன் பிரேமில் ஒரு கரியரை வெல்டிங் வைத்து, மனைவி கமலாதேவி அக்காவை ஏற்றிக்கொண்டு அவர் போகிற பெருமையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்கூட வரும்.

போன வருஷம் அந்த ஸ்பிரிங் கறள் பிடித்து உடைந்தது. அண்ணை இடையில் ஒரு கட்டையை வைத்துக் கட்டி ஓடினார். இடுப்பு முறியும் என்று அக்கா ஏற மறுத்துவிட்டார். நயினாதீவுத் தேருக்கு அவர் பஸ்ஸில் குறிகட்டுவான் துறைக்குப் போக, அண்ணை சைக்கிள் உழக்கிப் போய்ச் சேர்வதற்குள் அக்கா ஏறின படகு வெளிக்கிட்டுவிட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தனியாகத் தேர் பார்த்த அக்கா, "சாமியைப் பார்க்கவே மனம் வரேல்லை" என்று என்னிடம் சொன்னார்.

இந்த வருஷம் தேருக்கு ஒரு கிழமை முன்னரே அண்ணை யாழ்ப்பாணத்துக்குப் போனார். சைக்கிள் கடை ஷாருஜன் மூன்று ஸ்பிரிங்குகளை எடுத்து வைத்தான். 750, 850, 1000 என்று மேலேயே பெரிதாக எழுதியிருந்தது.

"நம்பர் கூடக் கூடப் பாரம் தாங்கும். ரெண்டு பேற்றை நிறையையும் சொல்லுங்கோ அண்ணை."

அண்ணை ஐம்பத்தைந்து கிலோ. அக்கா? போன் எடுத்தார்.

"இஞ்சேரும், உமக்கு எத்தனை கிலோ?"

"கடையிலை ஆக்கள் நிக்கினமோ?"

"ஓம்."

"ஐம்பத்தெட்டு."

அது கலியாணத்தன்றைய நிறை. அண்ணைக்கும் தெரியும். ஆனால் பெரிய நம்பரை வாங்கிப் போனால் பெண்சாதியைப் பொய்க்காரி என்று எழுதி மாட்டியது மாதிரி ஆகிவிடுமே! சொன்ன நிறைக்கு ஏற்ற 750ஐ வாங்கி வந்து பூட்டினார். வீட்டு வாசல் படலையடியில் அக்கா கரியரில் ஏறினார். ணங்! ஸ்பிரிங் அடிமட்டம் வரை அமுங்கிவிட்டது.

"கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்றார் அக்கா.

"ஓம்" என்றார் அண்ணை, பாவம்.

தேருக்கு இன்னும் நாலு நாள்தான். அண்ணை சோறும் வேண்டாமென்று திறப்புக் கோர்வையை உருட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல், அடுத்த நாள் விடிய அக்கா ஸ்பிரிங்கைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, தனியாக பஸ் ஏறினார். பின்னேரம் அவர் கொண்டுவந்த புது ஸ்பிரிங்கில், நம்பர் இருக்கிற இடத்தைச் சுற்றி நீலச் சீலைத் துணி ஒன்று இறுக்கி முடிந்திருந்தது.

"உப்புக் காத்துக்குக் கட்டினனான். அவிழ்க்கப்படாது."

"ஓம்" என்றார் அண்ணை.

தேரன்று குறிகட்டுவான் வரை சைக்கிளில் ஒரு சத்தமும் எழவில்லை. இரண்டு பேரும் ஒரே படகில் போனார்கள். அண்ணையின் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஊரில் ஆறு வீட்டு அலுமாரிகளையும் திறந்து பார்க்கிற மனிதர், அந்த முடிச்சை மட்டும் இன்றுவரை தொடவில்லை.