அடுத்த அறையில் இருந்த சோதனை

மாதவிலக்கு நின்று நாலு வருடம் கழித்து என் அக்காவுக்கு மறுபடியும் ரத்தம் பட ஆரம்பித்தது. ராயபுரத்தில் ஒரு இறால் கம்பெனியில் ஓடு உரிக்கிற வேலை அவளுக்கு. விடிகாலையில் போனால் சாயங்காலம் வரை ஐஸ் தண்ணீரில் நின்றபடியே வேலை. "நாள் முச்சூடும் நின்னுகினு கீறேன்ல, அதான்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கூடப் பிறந்த தங்கச்சி எனக்கே ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

ஆனால் டாக்டர்களிடம் அவள் சொல்லாமல் இல்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை கிளினிக்கில் சொன்னாள்; உடம்புச் சூடு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். இன்னொரு இடத்தில், "வயசானா இப்படித்தாம்மா" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பிரஷர் மாத்திரைக்காக மாதாமாதம் போகும் சுகாதார நிலையத்திலும் சொன்னாள். அங்கே மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். ஒன்றரை வருடம், மூன்று இடம். ஒருவர்கூட அவளைப் படுக்கச் சொல்லிப் பார்க்கவில்லை.

இடுப்பு வலியில் நிற்கவே முடியாமல் போன அன்று, நான் லீவு போட்டு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கேதான் முதல்முறையாக ஒரு டாக்டரம்மா திரையை இழுத்துவிட்டுப் பரிசோதித்தார். சின்ன வயசு. கையுறையைக் கழற்றும்போதே முகம் மாறியிருந்தது.

"இவ்வளவு நாள் என்னம்மா பண்ணீங்க? முத்தின பிறகுதான் வருவீங்களா?"

அக்கா தப்பு செய்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"மூணு எடத்துல சொன்னா மேடம். சீட்டு எல்லாம் கீது, பாருங்க" என்று பையிலிருந்ததை மேசைமேல் வைத்தேன்.

ஒவ்வொன்றாகப் புரட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். அக்கம்பக்கமும் பரவியிருந்தது. சதைப் பரிசோதனை முடிவு வர மூன்று வாரம். கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, முறை வருவதற்குள் இன்னும் ஒன்றரை மாதம். எல்லா வரிசையிலும் அக்கா நின்றாள். வைத்தியம் தொடங்கியபின் பதினோரு மாதம் இருந்தாள். மூலக்கொத்தளத்தில் புதைத்தோம்.

காரியம் முடிந்த சில நாளில் எனக்குப் பயம் வந்தது. நானும் சோதித்துக்கொள்ள வேண்டும், எங்கே போவது என்று அக்கா மாத்திரை வாங்கிய அதே சுகாதார நிலையத்தில் கேட்டேன்.

"இங்கயே பார்ப்போமே, செவ்வாய்க்கிழமை வாங்க" என்றார் நர்ஸ். மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்கு அடுத்த அறையைக் காட்டினார்.

"எத்தினி வருஷமா பாக்குறீங்க?"

"அது ஆச்சும்மா, நாலஞ்சு வருஷம். யாரும் வர மாட்டேங்கிறாங்க."

"எங்கக்கா மாசாமாசம் வந்தாளே. ரத்தம் படுதுன்னு சொன்னாளே. இந்த ரூமுக்குப் போன்னு யாராச்சும் சொன்னீங்களா?"

தடுப்பூசிக்கு வந்த குழந்தைகள் வரிசையில் அழுதுகொண்டிருந்தன. எல்லாரையும் பார்க்க இருந்தது அந்த நர்ஸ் ஒருவர்தான். இந்தச் சோதனையைப் பற்றிச் சுவரில் ஒரு போர்டு வைத்திருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். இரும்பு பீரோ அதில் பாதியை மறைத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை போய்ச் சோதித்ததில் எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. அடுத்த வாரம் அக்காவுடன் வேலை செய்த ஆறு பெண்களைக் கூட்டிப்போனேன். ஒருத்திக்கு, புற்றாக மாறுவதற்கு முந்தைய மாற்றம் இருந்தது. அதே அறையில் ஒரு சின்னக் கருவியால் அந்த இடத்தில் சூடு வைத்துச் சரிசெய்தார்கள். சில நிமிஷத்தில் எழுந்து வந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"அவ்ளோதானாக்கா?" என்றாள்.

"அவ்ளோதான்" என்றேன்.

அவள் பஸ் ஏறி வீட்டுக்குச் சமைக்கப் போனாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது, எனக்குத் தெரியும். எனக்கு அழுகைகூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னும் நாலு பேரைக் கூட்டிப்போனேன்.